நான் மாட்டிய கேபிள்

என்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஆக்சிலரேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. இணையத்தில் புதிதாக ஒன்று வாங்கி, இராஜபாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் ஜேக்கப்பிடம் கொடுத்தேன். அவர் மாட்ட மறுத்தார்.

"நீளம் பத்தாது சார். வளையுற இடத்துல இறுகிப் பிடிக்கும். மிதிச்ச பெடல் திரும்பி வராது."

"வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்" என்று நாலு பேர் முன்னால் அவரை ஏசிவிட்டு, வீட்டில் நானே மாட்டினேன்.

மறுநாள் காலை செண்பகத்தோப்புச் சாலையில் மிதித்த பெடல் எழும்பவில்லை. கார் சீறிப் பாய்ந்தது. பிரேக்கை அழுத்தி, சாவியைத் திருப்பி நிறுத்துவதற்குள், எதிரே சைக்கிளில் வந்தவர் பயந்து ஒதுங்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டார். அவருக்குக் கை முறிந்தது.

ஆஸ்பத்திரியில் அவருடைய தம்பிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எவம்லே இந்த வண்டியில வேலை பார்த்தது?"

பயத்தில் ஜேக்கப் பெயரைச் சொல்லிவிட்டேன். உடனே என்னையும் இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், அவர் சட்டையைப் பிடித்தார்கள்.

ஜேக்கப் என்னைத்தான் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க சார். இத நானா மாட்டுனேன்?"

நான் தலைகுனிந்து நின்றேன். அவர் கன்னத்தில் அறை விழுந்தது. அதன் பிறகுதான், "நான்தான் மாட்டுனேன்" என்றேன்.

தம்பிகள் என்னை அடித்தது வலிக்கவில்லை. ஜேக்கப் சொன்னதுதான் வலித்தது.

"செத்த முன்னாடி சொல்லிருக்கலாம்ல? இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

இரண்டு முறை மன்னிப்புக் கேட்கப் போனேன். முகம் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யைப் பயத்தின் மேல் போட்டுவிடலாம். அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது பேசாமல் நின்றதை எதன் மேல் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.