சுடலைவடிவு சொன்ன பெயர்

சீவலப்பேரிப் பக்கம் நாற்று நடுகிற பெண்களில் சுடலைவடிவுக்கு வாய் நீளம். அந்த வாய்தான் அவளைக் கொண்டுபோய்ச் சினிமாவில் நிறுத்தியது.

பிரிந்துபோன நான்கு தம்பதிகளைப் பற்றிய படம். மூன்று ஜோடி சென்னைக்காரர்கள். படத்தில் எல்லா வகை மனிதர்களும் இருக்க வேண்டுமாம். அதற்காக நான்காவதாக ஒரு வயல்காட்டுப் பெண்ணைத் தேடி வந்தாள் உதவி இயக்குநர் சித்ரலேகா. புருஷனைப் பிரிந்தவள் என்று கேட்டதும் இவளைப் பிடித்துக்கொண்டாள்.

பிரிந்தது உண்மை. ஆனால் புருஷன் மாரிக்கண்ணு குடிக்கிற ஆள் இல்லை, கை ஓங்கியதும் இல்லை. பேசாத மனுஷன், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் சோற்றைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இவளும் எத்தனை நாள் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாள்? ஒரு தை மாதம் துணிமணியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் தேடி வரவும் இல்லை, திட்டவும் இல்லை.

இதைச் சொன்னபோது சித்ரலேகா சிரித்தாள்.

"பேசலைன்னு பிரியறதெல்லாம் சிட்டிக் கதைம்மா. அது ஏற்கெனவே படத்துல இருக்கு. நீங்க, குடிச்சிட்டு வந்து அடிச்சாருன்னு சொல்லுங்க. புருஷனுக்கு ஏதாவது ஒரு பேரு வெச்சு, மனசுல இருந்து சொல்லுங்க."

வினை அங்கேதான் வந்தது. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள். கேமரா முன்னால் நின்று, புருஷன் பெயர் என்று யோசித்ததும், இத்தனை வருஷம் நாக்குக்கு அடியில் அடக்கி வைத்திருந்த ஒரே பெயர்தான் வெளியே வந்தது.

"மாரிக்கண்ணு குடிச்சிட்டு வந்து என்னிய மிதிப்பாரும்மா."

கண்ணீரும் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

படம் வந்ததும் நடவுக்காரப் பெண்கள் இவளையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனார்கள். சென்னைக்காரர்கள் பிரிவதற்கு ஆளுக்கு அரை மணி நேரக் காரணம் இருந்தது. அதில் ஒருத்தி, பேசாத புருஷனை விட்டுப் போனவள். நல்ல நிறமாக, அழகான வீட்டில், சுவரைப் பார்க்கும் புருஷனோடு இருந்தாள். தன்னுடைய கதையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தனக்கு அடியையும் குடியையும் கொடுத்திருக்கிறார்கள் என்று சுடலைவடிவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்து இவள் முகம் வந்தது, அந்தப் பெயரும் வந்தது.

கூட நடவுக்கு வருகிற கலைச்செல்வி பக்கத்து இருக்கையிலிருந்து திரும்பினாள். "மதினி, மாரிக்கண்ணு அண்ணனா அப்படிச் செஞ்சாவ? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

இவள் தலையை நிமிர்த்தவே இல்லை. கூசிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சேரன்மகாதேவிக்குப் போனாள். மாரிக்கண்ணு அங்கே அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான். ஆலைக்காரர்கள் இவளைப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் வெளியே வந்து நின்றான்.

"தப்புப் பண்ணிட்டேன். அம்புட்டும் பொய்யின்னு எல்லார்ட்டயும் சொல்லுதேன்" என்றாள்.

அவன் வழக்கம்போல் தரையைப் பார்த்தான். பிறகு பையப் பேசினான்.

"சினிமாவுல ஒன் பொண்டாட்டி ஒன் பேரச் சொல்லுதான்னு சொன்னாவ. அதக் கேக்கணும்னுதான் டிக்கெட் எடுத்துப் போனேன்."

அவ்வளவுதான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே போனான். அவனைக் கூப்பிட்டு நிறுத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. எந்த வாயால் கூப்பிடுவாள்?