செக்கிங் மெட்டில்டா

செகந்திராபாத் அருகே, மௌலா அலியைத் தாண்டி வடக்கே போகும் சாலையில் எங்கள் தொழிற்சாலை இருந்தது. அரசாங்கத் தொழிற்சாலை. மின்மோட்டார்களுக்குத் தாமிரக் கம்பி சுற்றுவது அங்கே முக்கியமான வேலை. கம்பி சுற்றும் பிரிவில் இருந்தவர்கள் அனைவரும் பெண்கள். ஷிப்ட் முடிந்து அவர்கள் வெளியே வரும்போது ஒவ்வொருவரையும் சோதித்து அனுப்ப ஒரு பெண் தேவைப்பட்டார். 1966 ஜூன் மாதம் அந்த வேலைக்குச் சேர்ந்தவர் மெட்டில்டா ஐசக். நான் அதே கேட்டில் டைம் ஆபீஸ் எழுத்தர். அவருடைய இடத்துக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது. ஆகவே இங்கே எழுதுவதில் பெரும்பகுதி நான் கண்ணால் பார்த்தது அல்லது தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காதால் கேட்டது.

மெட்டில்டா செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தை பாளையங்கோட்டையிலிருந்து ரயில்வே பணிமனைக்கு வந்த பிட்டர். அதனால் வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, தெருவில் தெலுங்கும் தக்கினி இந்தியும். கணவர் ஐசக் டைபாய்டு காய்ச்சலில் இறந்தபோது இரண்டு பெண் குழந்தைகள். நல்ல உயரம், அகலமான தோள். சிவப்பும் பச்சையுமாகச் சேலை கட்டுவார். விதவை வெள்ளைதானே கட்ட வேண்டும் என்று யாரோ கேட்டதற்கு, "இந்த ஊர்த் தண்ணியில வெள்ளைச் சேலையை வெளுக்க வைக்க நீ வாரியாட்டி?" என்று கேட்டார். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

வேலைக்கு வந்த முதல் நாளே அவர் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். திரைக்குப் பின்னால் வரிசையின் முதல் பெண் வந்து நின்றதும், தன் கைப்பையைத் திறந்து காட்டி, இரண்டு கைகளையும் விரித்தார். "முதல்ல என்னைப் பாரு. பெறகு நான் உன்னைப் பாக்கேன்" என்றார். அந்தப் பெண் கூச்சத்தில் சிரித்துவிட்டாள். மெட்டில்டா விடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்டிலும் அப்படித்தான்.

பாதுகாப்பு அதிகாரி சுந்தரேசன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். தஞ்சாவூர்க்காரர். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"என்னம்மா இது? பாதுகாப்புப் பிரிவு ஆளை ஒர்க்கர் தடவிப் பாக்கறதா? உத்தியோகத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"சார், அவ கை என் மேல படும்போது எனக்குக் கூசுது. அதை வச்சுத்தான் என் கை எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியுது."

"மெமோ குடுத்துடுவேன்."

"குடுங்க சார். தமிழ்ல குடுத்தா நானே வாசிச்சுக்கிடுவேன்."

மெமோ ஆங்கிலத்தில் வந்தது. பழக்கம் மாறவில்லை.

இதை வைத்து அவர் இளகிய மனுஷி என்று நினைக்க வேண்டாம். வெண்கல வளையம் ஒன்றைக் கொண்டைக்குள் செருகி வந்தவளைப் பிடித்து, அழ அழ சுந்தரேசன் முன்னால் நிறுத்தினார். அவளுக்கு வேலை போனது. ஆனால் அவள் தலைமுடியைத் தொட்டது மெட்டில்டாவைத் தவிர வேறு யாருமில்லை. அவள் அழுவதைப் பார்க்க வாட்ச்மேன் ஒருவன் திரையை விலக்கியபோது அவன் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே அது கேட்டது. இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண் தன் மகள் கல்யாணத்துக்கு மெட்டில்டாவை வந்து அழைத்தாள்.

1976 மார்ச் மாதம் ஸ்டோரில் தாமிரம் குறைந்தது தெரிய வந்தது. அவசரநிலைக் காலம் அது. உள்ளே விசாரித்து முடிப்பதற்குள் மேலிடத்துக்குச் செய்தி போய், வெளியிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்துவிட்டார். கம்பி சுற்றும் பெண்களில் ஸ்டோருக்குப் பக்கத்தில் உட்கார்பவள் கமலம். சேலம் பக்கத்துக்காரி. கணவன் லட்சுமணன் எங்கள் தொழிற்சாலையிலேயே லாரி ஓட்டுகிறவன். இருவரும் காலனியில் மூன்றாவது வரிசையில் குடியிருந்தார்கள். அவள் இருக்கை ஸ்டோருக்குப் பக்கம் என்பதைத் தவிர அவள்மேல் சந்தேகப்பட வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

மார்ச் 11, வியாழக்கிழமை. ஆண்கள் முதல் ஷிப்டுக்குப் போன பிறகு காலனியில் சோதனை தொடங்கியது. எடுத்த பொருள்களைப் பட்டியல் எழுத என்னையும், பெண்களைச் சோதிக்க மெட்டில்டாவையும் சுந்தரேசன் ஜீப்பில் அழைத்துப் போனார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது வரிசைப் பெண்கள் எல்லாரையும் காலனியின் கிளப் ஹாலில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள். விடிந்ததிலிருந்து உள்ளே இருந்தவர்களுக்குத் தண்ணீர் இல்லை, கழிப்பறைக்குப் போக அனுமதி இல்லை. எதற்காக அடைத்தீர்கள் என்று கேட்டவளுக்குக் கிடைத்த பதில் வசவு.

"ஒவ்வொருத்தியாக அவிழ்த்துப் பார். தயவு தாட்சணியம் வேண்டாம்" என்று இன்ஸ்பெக்டர் தெலுங்கில் சொன்னார்.

"பாக்கேன். முதல்ல இவளுகளை கக்கூசுக்கு விடுங்க" என்றார் மெட்டில்டா.

"ஒருத்தியும் வெளியே போகக் கூடாது."

"நக்கோ சாப். அடக்கிக்கிட்டு நிக்கிறவ மேல நான் கை வைக்க மாட்டேன். நான் கை வச்சு ஏதாச்சும் ஆனா, ஹாலைக் கழுவ நீங்க வருவீயளா?"

பாதி தமிழும் பாதி தக்கினியுமாக அவர் சொன்னது கான்ஸ்டபிள்களுக்கும் புரிந்தது. ஒருவன் சிரித்துவிட்டான். சிரித்தவனே பூட்டைத் திறந்தும் விட்டான். இன்ஸ்பெக்டர் அவனை முறைத்தார். ஆனால் பெண்கள் அதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். மெட்டில்டா ஒவ்வொருத்தி கூடவும் போய், கூடவே திரும்பி வந்தார். பிறகு ஜன்னல்களைத் திறக்கச் சொல்லி, குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஆண்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

உள்ளே அவர் குரல் கேட்டது. "ஏட்டி கமலம், வா. முதல்ல என்னைப் பாரு."

"இன்னிக்குமாக்கா?"

"இன்னிக்குத்தாம்ட்டி."

வெகுநேரம் ஆனது. கடைசியில் மெட்டில்டா வெளியே வந்து பொருள்களை என்னிடம் கொடுத்தார். ஒரு பொடி டப்பா, ஒரு சாவிக்கொத்து, முருகன் படம் ஒன்று. தாமிரம் இல்லை.

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தினமும் நீதானே இவர்களைச் சோதிக்கிறாய்? இருந்தும் தாமிரம் போயிருக்கிறது. ஒன்று உனக்குக் கண் தெரியாது. இல்லையென்றால் உனக்கும் பங்கு இருக்கிறது."

மெட்டில்டாவின் முகம் அப்படிச் சுண்டி நான் அதுவரை பார்த்ததில்லை. பத்து வருட வேலையை அந்த ஒரு வாக்கியத்தில் வைத்து இன்ஸ்பெக்டர் எடை போட்டுவிட்டார். கமலத்தின் வீட்டில் இப்போது எது அகப்பட்டாலும் அது மெட்டில்டாவின் கையைத் தாண்டிப் போனது என்றுதான் ஆகும். கமலத்துக்கு ஜெயில், லட்சுமணனுக்கு வேலையும் வீடும் போகும், இவருக்குப் பேர் போகும்.

"என் கையைத் தாண்டி ஒரு துண்டுக் கம்பி போயிருந்தா என்னையும் ஜீப்புல ஏத்துங்க. ஆனா வீட்டைப் பாக்கும்போது வீட்டுக்காரி கூட நிக்கணும்" என்றார்.

"பெண்கள் ஹாலிலேயே இருப்பார்கள்" என்று இன்ஸ்பெக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கான்ஸ்டபிள்களில் ஒருவன் கான்வாஸ் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கமலத்தின் வீட்டுப் பக்கம் நடந்தான். மெட்டில்டா அதைப் பார்த்தார். கமலத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவனை முந்திப் போனார். வீட்டு வாசற்படியில் குறுக்காக உட்கார்ந்தார். கமலத்தைத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். நாங்கள் எல்லாரும் ஓடிப்போய்ச் சேர்ந்தோம்.

"உள்ள போறவங்க பையையும் பாக்கெட்டையும் இவகிட்ட காட்டிட்டுப் போங்க. வெளிய வரும்போதும் காட்டுங்க. எங்க கேட்டுல அதுதான் வழக்கம்."

"எழுந்திரு. இந்த நேரத்தில் உன்னை உள்ளே போட்டால் ஏன் என்று கேட்க ஒரு ஆள் இருக்க மாட்டான், தெரியுமா?"

அது வெறும் மிரட்டல் அல்ல. அந்த நாளில் அப்படிப் போனவர்கள் இருந்தார்கள்.

"அக்கா, வுட்டுருக்கா. உனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது" என்று கமலம் அழுதாள்.

"அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்" என்றார் மெட்டில்டா.

அதுவரை ஒதுங்கி நின்ற சுந்தரேசன் முன்னால் வந்தார்.

"இன்ஸ்பெக்டர் சார், வீட்டுக்காரா கூட நிக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. அவசரநிலைன்னு அந்தப் பிரிவை யாரும் எடுத்துடலை. நானும் ஒரு சாட்சியா நிக்கறேன்." தொப்பியைக் கழற்றிக் கமலத்திடம் நீட்டினார். "இந்தாம்மா, மொதல்ல என்னைப் பாத்துக்கோ."

பத்து வருடமாக இந்தப் பழக்கத்தை வேண்டாம் என்றவர் அவர். பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். கைக்குட்டை, மூக்குக்கண்ணாடி, விபூதிப் பொட்டலம், நாலாக மடித்த லாட்டரிச் சீட்டு ஒன்று. கேட் பக்கம் லாட்டரிச் சீட்டு விற்கக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டியவரும் அவரே.

"விழுந்துச்சா சார்?" என்றார் மெட்டில்டா.

"பேசாம இரும்மா."

அழுதுகொண்டிருந்த கமலமே சிரித்துவிட்டாள். ஹாலிலிருந்து வந்து சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள். ஓர் அதிகாரி தன்னைக் காட்டிவிட்ட பிறகு, காட்ட மாட்டேன் என்று நிற்பது மற்றவர்களுக்குக் கஷ்டமாகிவிட்டது. கான்ஸ்டபிள்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாக்கெட்டைத் திருப்பினார்கள். கான்வாஸ் பைக்காரன் மட்டும், "ஜீப் மே ரக்கே ஆத்தூன் சாப்" என்று பையை ஜீப்பில் வைத்துவிட்டு வரப் போனான். பை திரும்பி வரவில்லை. அதில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஆகவே சொல்ல மாட்டேன். அது அந்த வீட்டுக்குள் போகவில்லை என்பதை மட்டும் பார்த்தேன். கடைசியில் இன்ஸ்பெக்டரும் வானத்தைப் பார்த்தபடி கைகளை விரித்தார்.

மெட்டில்டா எழுந்து வழி விட்டார்.

அரிசிப் பானைக்குள் கை விட்டார்கள். மெத்தையைப் பிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் கமலம் பக்கத்தில் நின்றாள். அந்த வீட்டில் தாமிரம் என்று இருந்தது ஒரு தவலை மட்டும்தான். இன்ஸ்பெக்டர் அதைத் தூக்கிப் பிடித்து, "இது எங்கிருந்து வந்தது?" என்றார்.

"எங்கம்மா சீரு குடுத்தது சார். கழுத்துல பேரு வெட்டியிருக்குது பாருங்க."

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சுந்தரேசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்: "ஜலகண்டாபுரம் சின்னசாமி குமாரத்தி கமலத்துக்குக் கல்யாணச் சீர்." தவலை கீழே இறங்கியது. அவர்களும் வெளியே வந்தார்கள். வரும்போது, யாரும் சொல்லாமலே, பாக்கெட்டைக் காட்டிவிட்டு வந்தார்கள்.

உச்சிவெயிலுக்கு முன்னால் பெண்கள் எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்தார்கள். ஜீப்பில் யாரையும் ஏற்றவில்லை. மெட்டில்டா கமலத்திடம் சொன்னது இதுதான்: "மூஞ்சியைக் கழுவிட்டுச் சாப்பிடுட்டி. ரெண்டாம் ஷிப்டுக்கு லேட் ஆயிராத." காணாமல்போன தாமிரம் எப்படிப் போனது என்பது இன்றுவரை தெரியாது.

மெட்டில்டாவை அவர்கள் சும்மா விடவில்லை. சோதனைக்கு இடையூறு செய்ததாக எழுதி, அடுத்த வாரமே அவரைப் பின் கேட்டுக்கு மாற்றினார்கள். அது நிலக்கரி லாரியும் சாம்பல் வண்டியும் போகிற வழி. அங்கே சோதிக்க ஒரு பெண்ணும் வரமாட்டாள். கூரை கிடையாது. ஒரு மர ஸ்டூல், அதைச் சுற்றி வெயில். கிட்டு என்ற வயதான வாட்ச்மேன் அங்கே காவல். முன் கேட்டில் வேறொரு பெண்ணைப் போட்டார்கள்.

திங்கட்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து மணி அடித்தது. நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். சுற்றும் பிரிவிலிருந்து ஒருவரும் வரவில்லை. எட்டிப் பார்த்தால், பாய்லர் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, நிலக்கரித் தூளில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, பெண்கள் அத்தனை பேரும் பின் கேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று முதல் தினமும் அப்படியே. அங்கிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஒரு மைல் நடை. இந்த கேட்டில்தான் வெளியே போக வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லாததால் நிர்வாகத்தால் தடுக்க முடியவில்லை. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டதற்குக் கமலம், "எங்களுக்கு அவங்க கைதான் பழக்கம் சார்" என்றாள்.

ஏப்ரல் கடைசியில் சுந்தரேசன் தானே பின் கேட்டுக்கு நடந்து போனார். நானும் உடன் போனேன்.

"மெட்டில்டா, நாளைலேர்ந்து முன் கேட்டுக்கு வந்துடும்மா. ஆர்டர் ஆயிடுத்து."

"வாரேன் சார். இங்க ஒரு கூரை போடச் சொல்லுங்க. போட்ட பெறகு வாரேன்."

"நீதான் அங்க போயிடறியே, கூரை யாருக்கு?"

"கிட்டு அண்ணன் என்ன கருவாடா சார், வெயில்ல காயப் போட?"

கிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சுந்தரேசன் திரும்பி நடந்தார். மே 17-ஆம் தேதி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டார்கள். அன்று ஷிப்ட் முடிந்ததும் பெண்கள் வழக்கம்போலப் பின் கேட்டுக்கு வந்து, மெட்டில்டா அக்காவை அழைத்துக்கொண்டு தொழிற்சாலையின் நடுச் சாலை வழியாகவே முன் கேட்டுக்குப் போனார்கள். வாசல்களில் ஆண்கள் வந்து நின்று பார்த்தார்கள். ஸ்டூலைத் தூக்க அவரை விடவில்லை. கமலம் அதைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்தாள்.