அவனுக்கு ஆயுசைக் கொடு

ஆடைக் கம்பெனியில் சட்டைக் காலருக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. அவள் கணவர் சாயப்பட்டறையில் பாய்லர் ஆபரேட்டராக இருந்தார். பாய்லரில் அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விட ஒரு வால்வு உண்டு. அது அடிக்கடி திறந்து வேலை நிற்கிறதென்று, மேனேஜர் அதைக் கம்பியால் இறுகக் கட்ட வைத்தார். மூன்றாம் நாள் பாய்லர் வெடித்தது.

உடம்பெல்லாம் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார் கணவர்.

"கம்பியை அவுத்துடலாம்னு ரெண்டு தடவை சொன்னேன். மேனேஜர் காதுல வாங்கல," என்றார். அவள் பல்லைக் கடித்தபோது, "விடு, கடவுள் பாத்துக்குவாரு," என்றார். பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். வயது நாற்பத்தொன்று.

விசாரணையில் மேனேஜர் சொன்னது இது: "குடிச்சுட்டுத் தூங்கிட்டான் சார்."

ஒரு சொட்டுகூடத் தொட்டுப் பார்க்காத மனிதர். அத்தோடு விசாரணையை மூடிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போய்வரும் மகளைத் தெருவில் குடிகாரன் பொண்ணு என்றார்கள்.

அன்றிலிருந்து இஸ்திரி மேசையில் நின்றபடியே அவள் கடவுளிடம் பேச ஆரம்பித்தாள். "அவரு உன்னை நம்பிட்டுப் போயிட்டாரு. நானும் நம்புறேன். ஆனா அவரு மாதிரி நல்லவ இல்ல நான். அந்தாளு தன் வாயால உண்மையைச் சொல்ற வரைக்கும் அவன் உயிரை எடுத்துடாதே. அவனுக்கு ஆயுசைக் கொடு."

பக்கத்து மேசைக்காரி இதைக் கேட்டுச் சிரித்தாள். "எதிரிக்கு ஆயுசு கேக்குற ஒரே ஆளு நீதான்டி!"

"செத்தா அவனுக்கு லீவு விட்ட மாதிரி. லீவே கிடைக்கக் கூடாது."

நான்கு வருடம் இப்படியே போனது. ஒருநாள் பக்கத்து மேசைக்காரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். மேனேஜருக்கு நுரையீரலில் புற்றுநோயாம், டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், இன்னும் சில வாரம்தானாம். கேட்டுக்கொண்டே நின்றவளின் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் காலர் கருகியது.

"தப்பிக்க விடப் பாக்குறியா?" என்று கடவுளை வாய்விட்டே கேட்டாள்.

அன்று சாயங்காலமே மேனேஜர் வீட்டுக்குப் போனாள். மேனேஜரின் மனைவி, நலம் விசாரிக்க வந்தவள் என்று நினைத்து உள்ளே விட்டார். மூக்கில் குழாயோடு தலையணையில் சாய்ந்திருந்த மேனேஜருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"சாபம் விட வந்தியா?"

"இல்லீங்க. நீங்க நல்லா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன்."

மனைவிக்குக் கண் கலங்கியது. "எவ்வளவு நல்ல மனசும்மா உனக்கு!"

"நல்ல மனசெல்லாம் இல்லக்கா. இவரு என் புருஷன் மேல ஒரு பொய் சொல்லியிருக்காரு. அது வெளிய வராம இவரு போகக் கூடாது."

மேனேஜர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளும் வேலை முடிந்ததும் வந்தாள். அதற்கடுத்த நாளும். நாற்காலியை அவர் காதருகே இழுத்துப் போட்டு, கண்ணை மூடி, "இன்னும் ஒரு நாள் கொடு," என்று கேட்கும்படியே வேண்டிக்கொண்டாள். அவர் முகம் வெளுப்பதைப் பார்ப்பதற்காகவே நடுவில் கண்ணைத் திறந்தாள்.

ஐந்தாம் நாள் மனைவியே கேட்டுவிட்டார். "என்ன பொய்ங்க அது? என்கிட்டயாவது சொல்லுங்களேன்."

மேனேஜர் மூச்சு வாங்கியபடி துண்டு துண்டாகச் சொன்னார். "வால்வைக் கட்டச் சொன்னது நான்தான். அவன் அவுக்கச் சொன்னான். அவன் குடிக்கல."

அவள் போனை எடுத்து அவர் வாயருகே நீட்டினாள். "இதுல ஒரு தடவை சொல்லுங்க. சத்தமா."

"போதும்மா, மூச்சு வாங்குது அவருக்கு," என்றார் மனைவி.

"என் புருஷனுக்கும் வாங்குச்சுக்கா."

அவர் மறுபடி சொன்னார். சொல்லி முடித்து, "இப்பவாவது என்னை விட்டுடும்மா," என்றார்.

"நான் விட்டாச்சு. மிச்சம் உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவுல."

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கடவுளிடம் எதையும் மறைக்கவில்லை. "இனிக்குது. பொய் சொல்ல மாட்டேன், நல்லா இனிக்குது."

இரண்டு நாளில் மேனேஜர் இறந்தார். அவள் துக்கம் கேட்கப் போகவில்லை. பதிவை விசாரணை அதிகாரியிடம் கொடுத்தாள். ஏழு மாதம் நடையாய் நடந்த பிறகு, ஆபரேட்டர் மீது தவறில்லை என்று திருத்திய அறிக்கை வந்தது. மகள் அதைத் தெரு வாசலில் நின்று உரக்கப் படித்தாள்.

மறுநாள் இஸ்திரி மேசையில், கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் கடவுளோடு என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. சில நாள் வாயை மூடிக்கொண்டே வேலை செய்தாள். அப்புறம் ஒரு காலையில், மகளுக்குப் பல்வலி என்று மெதுவாகச் சொல்லி ஆரம்பித்தாள்.