கையில் போட்ட ஊசி

எனக்கு டிபி என்பது வீட்டில் என் கணவருக்கு மட்டும்தான் தெரியும். தூத்துக்குடியில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. இருமினால் வத்தல் நெடி என்பேன். ஆஸ்பத்திரிக்கு ஊசி போடப் போகும் நாட்களில், தையல் கிளாஸுக்குப் போவதாக மாமியாரிடம் சொல்வேன். இத்தனை நாள் படித்தும் ஒரு ஜாக்கெட் தைக்கத் தெரியவில்லையே என்று அவர் கிண்டல் செய்வார். மக்கு என்ற பெயரைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். சீக்காளி என்று தெரிந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மகனை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். நடக்கக்கூட ஆரம்பிக்காத பிள்ளை. நர்ஸ் சொன்னபடி வாயில் துணி கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டுதான் அவனுக்குப் பால் கொடுத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்த காலரா எங்கள் கடற்கரைக்கும் வந்தது. ஒருநாள் போனால் நெஞ்சு நோய்ப் பிரிவு பூட்டிக் கிடந்தது. வராந்தா முழுக்க வாந்திபேதிக்காரர்கள். எனக்கு ஊசி போடும் நர்ஸையும் காலரா வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"சாவக் கெடக்கவங்களப் பாப்பாங்களா, இருமுதவங்களப் பாப்பாங்களா? எல்லாம் அடங்கட்டும், பொறவு வாங்க" என்றார் காவலாளி.

ஊசியோடு தரும் மாத்திரையாவது கிடைக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் தெருக்காரர் ஒருவர் எதிரே வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆனால் ஊரில் ஊசிக்குப் பஞ்சமில்லை. பஸ் ஸ்டாண்டில், ஹார்பர் வாசலில், மாதா கோயில் முன்னால் என்று எங்கும் மேஜை போட்டுக் காலரா ஊசி குத்தினார்கள். நானும் போய் நின்றேன். இது என் நோய்க்கும் கேட்குமா என்று விசாரித்திருக்கலாம். கேட்டால் எனக்கு என்ன நோய் என்று சொல்லவேண்டுமே. பழைய ஊசி இடுப்பில், இது கையில்; எங்கே குத்தினாலும் ரத்தத்தில்தானே சேரும் என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. மருந்து பிடிக்கிறது என்று மகிழ்ந்து, இன்னொரு மேஜையைத் தேடிப் போனேன். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

மகனுக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போனோம். காலரா ஊசி போட்டவர்களைத்தான் ஊருக்குள் விட்டார்கள். போட்டதற்கான சீட்டு என் பையிலேயே இருந்தது. இன்னொன்று கிடைக்கட்டுமே என்று காட்டாமல் வரிசையில் நின்றேன். மேஜையில் இருந்தது என் பழைய நர்ஸ். முருகனே கண் திறந்ததாக நினைத்துக் கையை நீட்டினேன்.

அவர் வீக்கத்தைப் பார்த்தார். "இத முன்னாலயே போட்டிருக்கியேம்மா?"

"ரெண்டு மூணு தடவ போட்டுட்டேன் சிஸ்டர். அங்க நீங்க இல்லேன்னு..."

அவர் சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டார். "இது வாந்திபேதிக்கு உள்ளதும்மா. நெஞ்சுச் சீக்குக்குக் கேக்காது. மாத்திரையையும் விட்டுட்டியா?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் மாமியார் எனக்குப் பின்னாலேயே நின்றார்.

அவர் முன்னால் வந்து, என் தாலிச் சரட்டைப் பிடித்திருந்த மகனின் விரல்களைப் பிரித்து, அவனைத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். வரிசையே பார்த்தது.

"ஏளா, எத்தன நாளா இது?" என்றார்.

அங்கிருந்து திரும்பியதும் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். நெஞ்சு நோய்ப் பிரிவைத் திறக்க நாளாயிற்று. நோய் முற்றியிருந்ததால் ஊசியை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மாமியார்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிள்ளைக்கு ஒட்டாமல் பார்த்துக்கொண்டது அவர்தான் என்பதால், ஆத்திரப்படவும் வெட்கமாக இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து, குணமாகித் திரும்பிய அன்று, மகன் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தான். நான் கையை நீட்டினேன். அவன் ஓடிப்போய் மாமியாரின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, யாரோ வந்திருக்காவ" என்றான்.

"நான் அம்மா இல்லலே, அவதான்" என்று மாமியார் அவனை என் பக்கம் தள்ளினார். அவன் வரவில்லை. அவர் கண் கலங்கியது.

"கொஞ்சம் தண்ணி தாங்க அத்தை" என்றேன், யார் வீட்டுக்கோ வந்தவளைப்போல.