அவளுடைய வலது பெருவிரல்

நானும் மனைவி வதனியும் எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டில் ஆளுக்கொரு போனோடு ஒரே அணியாகச் சண்டை கேம் விளையாடுவோம். நான்தான் பழக்கினேன்.

"பட்டனை அமத்தாதை, தொட்டால் போதும். பெருவிரல் சும்மா போற இடத்துக்கே பட்டனை இழுத்து வை. எதிராளி அடிக்கேக்க தடுப்பில விரலை வச்சிரு, அவன் ஓய்ஞ்சதும் எடுத்து அடி."

இரண்டு மாதத்தில், பயிற்சிக்காக எங்களுக்குள் மோதும்போது என்னையே வீழ்த்தத் தொடங்கினாள். பிறகு ஏனோ தோற்க ஆரம்பித்தாள். தடுக்க வேண்டிய நேரத்தில் விரல் பிந்தியது. ஓர் ஆன்லைன் போட்டியின் கடைசிச் சுற்றில் அவளால் தோற்றோம்.

"விரல் சொல்வழி கேக்குதில்லையப்பா," என்றாள்.

"ஏலாட்டி ஏன் விளையாட வாறாய்?" என்று கத்தி, போனைப் பறித்துச் சோபாவில் எறிந்தேன். அதன்பின் அவள் விளையாட வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஐந்து மாதம் கழித்து, தேத்தண்ணிக் கோப்பை அவள் கையிலிருந்து நழுவத் தொடங்கிய பிறகுதான் பொரளையில் ஒரு நரம்பு டொக்டரிடம் போனோம்.

"எப்ப தொடங்கினது?" என்று கேட்டார்.

எனக்கு அந்த நாள் தெரியும். வதனி என் முகத்தைப் பார்த்தாள்.

"போன மாதம்தான் டொக்டர்," என்றாள்.

நான் திருத்தவில்லை.

தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். முன்பே வந்திருந்தாலும் குணமாக்க மருந்தில்லை என்றார் டொக்டர். அது எனக்கு ஆறுதலாக இல்லை. தன் உடம்பு தன்னை விட்டுப் போவதை அவள் முதலில் சொன்னது என்னிடம்தான். எனக்குக் கேட்டதோ நாங்கள் தோற்றது மட்டும்தான்.