கந்தம்மாளின் இரண்டு இங்கிலீசு

மேச்சேரிச் சந்தையில் கந்தம்மாள் வெள்ளைக்காரத் துரையையே மிரட்டிவிட்டாள் என்று ஊரில் கதை கட்டிவிட்டார்கள். மிரட்டலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவள் புருசன் காளியண்ணன். அந்த மனுசனுக்குக் கூட்டிச் சொல்லவும் தெரியாது, குறைத்துச் சொல்லவும் தெரியாது.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. மழை பொய்த்து, பட்டியில் இருந்த ஆடுகள் எல்லாம் போன பிறகு, புதுசாகக் கல்யாணமான இந்த இரண்டு பேரும் பிழைப்புத் தேடி அங்கே போனார்கள். காளியண்ணன் கல் சுமந்தார். கந்தம்மாள் ஓர் இஞ்சினீயர் துரையின் பங்களாவில் பாத்திரம் கழுவப் போனாள். பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. ஆனால் காது இருக்கிறதே காது, அது அசாத்தியக் காது. துரைசானி பேசுவதில் பாதிக்கு மேல் ஒரே அச்சு என்று சீக்கிரமே கண்டுகொண்டாள். கம் ஹியர், ஸ்டாண்ட் ஹியர், புட் இட் ஹியர். பட்டியைச் சுற்றிக் கட்டிய படல் அப்படியே நிற்கிறது, உள்ளே ஆடுதான் மாறுகிறது. படலைப் பிடித்துக்கொண்டால் எந்த ஆட்டை வேண்டுமானாலும் உள்ளே விடலாம். இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்து, அணை எழும்ப எழும்ப அவள் இங்கிலீசும் எழும்பிவிட்டது.

இன்னொன்றையும் அவள் பிடித்தாள். அதைத்தான் காளியண்ணன் வருவோர் போவோரிடம் எல்லாம் வியந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாளாம்.

"அந்த ஊட்டுல இங்கிலீசு ரண்டுங்க. மேசைல உக்காந்திருக்கறவியகிட்ட 'வுட் யூ'ன்னு ஆரம்பிப்பாங்க, டீ குடிக்கறீங்களான்னு. நம்மகிட்டன்னா வேலைதான் மொதல்ல வந்து நிக்கும். டேக்கு, புட்டு, கோ."

காளியண்ணன் தலையை ஆட்டிவிட்டு, "கொழம்ப ஊத்து" என்றார்.

அணை முடிந்தது, துரைமார்கள் மூட்டை கட்டினார்கள். சேர்த்த கூலியில் கொஞ்சம் செம்மறி ஆடுகளை வாங்கிக்கொண்டு இவர்கள் ஊர் திரும்பினார்கள். கூடவே இங்கிலீசும் வந்து சேர்ந்தது. "ஹேவ் யூ சாப்பிட்டாச்சா, மாரியாயி?" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கிணற்றடியில் கேட்பாள். மாரியாயி விழுந்து விழுந்து சிரிப்பாள். கேலிக்குத்தான் மற்றவர்களும் அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் கேலி போய்ப் பழக்கம் நின்றுவிட்டது. ஹேவ் யூ தண்ணி எடுத்தாச்சா, ஹேவ் யூ ஆடு ஓட்டியாச்சா என்று தெருப் பெண்கள் சர்வ சாதாரணமாகக் கேட்டுக்கொண்டார்கள். கந்தம்மாளுக்குத் துரைசானி என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

அப்புறம் யுத்தம் வந்தது. பட்டாளத்துக்குக் கறி வேண்டும் என்று சந்தைக்குச் சந்தை ஆடு பிடித்தார்கள். கிழ ஆடுகளை விற்கலாம் என்று இரண்டு பேருமாக மேச்சேரிக்கு ஓட்டிப் போனார்கள். செவலைக் கிடாய் முன்னால் நடந்தால்தான் மற்றவை நகரும். அதனால் அதுவும் கூட வந்தது. தெருவில் இருந்த அத்தனை பட்டிக்கும் பொலிகிடாய் அது ஒன்றுதான். அது போனால் வரும் வருசம் ஒருத்தர் பட்டியிலும் குட்டி விழாது. கொள்முதல் ஆட்கள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. விலை பேசிய ஆடுகளோடு கிடாயையும் தூக்கி லாரியில் போட்டுவிட்டு, அதற்கும் ஒரு விலையைக் காளியண்ணன் மடியில் திணித்தார்கள். அவர் கும்பிட்டார், கெஞ்சினார். ஏறினது ஏறினதுதான், துரை வேறு நிற்கிறார், பேசாமல் போ என்று தரகர் வேலுமணி அதட்டினார்.

கந்தம்மாள் நேராக லாரிப் பக்கம் நின்ற பட்டாளத்துத் துரையிடம் போனாள். முதலில் மேசை இங்கிலீசைத்தான் எடுத்தாள். வுட் யூ ப்ளீஸ் கிவ் மை ஷீப், சார் என்று பணிவாகக் கேட்டாள். துரை திரும்பவில்லை. மறுபடியும் கேட்டாள். வாயில் சுருட்டோடு அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்காரன் இஞ்சினைக் கிளப்பினான்.

கந்தம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"லுக் அட் மீ," என்றாள். துரைசானியின் குரல் அப்படியே.

துரை வெடுக்கென்று திரும்பினார்.

"தட் ஒன்," என்று கிடாயைக் காட்டினாள். "புட் இட் டவுன்."

வேலுமணி மெல்ல நழுவி ஒரு வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். பொண்டாட்டியை ஜெயிலில் போட்டால் யார் காலைப் பிடிப்பது என்று காளியண்ணன் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார். துரையோ சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். சின்ன வயசில் அம்மாவின் அந்த மாதிரிக் குரலுக்குப் பயந்து எத்தனை தடவை கை கழுவப் போனாரோ, யார் கண்டது. ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். கிடாய் இறங்கியது. கந்தம்மாள் அதன் விலையைப் புருசன் மடியிலிருந்து வாங்கி, டேக் இட் என்று கொள்முதல் ஆளிடம் கொடுத்தாள். அதோடு விட்டாளா? யூ மே கோ என்று துரையை அனுப்பியும் வைத்தாள். துரைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. போயேவிட்டார்.

என்ன பொம்பளை ஐயா இவள்! காளியண்ணனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. ஊர் எல்லை வந்ததும் கேட்டார்.

"ஏம்புள்ள, அது வேலக்காரங்களுக்குச் சொல்ற பேச்சுன்னு தெரிஞ்சுதான் சொன்னயா?"

"தெரியாம என்னங்க? அத்தனையும் எங்கிட்டச் சொன்னதுதானுங்களே. வுட் யூன்னு ஒரு நாளும் ஒருத்தரும் என்னையக் கேட்டதில்லீங்க."

அதை அவள் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கிடாயின் காதில் ஒட்டியிருந்த உண்ணியைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள். காளியண்ணன் வெளியே போய்விட்டு வந்தால் தண்ணி கொண்டா என்றபடியேதான் வீட்டுக்குள் நுழைவார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். அன்றைக்கு வாசற்படியிலேயே நின்று தொண்டையைச் செருமினார்.

"வுட் யூ... கொஞ்சம் தண்ணி குடுக்கறயா, கந்தம்மா?"

செம்பை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துரைக்கு முன்னால் அசையாமல் நின்றவளுக்கு இப்போது செம்பு நேராகப் பிடிபடவில்லை. அவர் கைக்கு வந்து சேர்வதற்குள் பாதித் தண்ணீர் தரையில் சிந்திவிட்டது.