மூன்று தட்டலுக்கு இரண்டு

அப்பாவின் கட்டிலில், தலைமாட்டு இரும்புக் குழாயில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பச்சைப் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது. அவருடைய சின்ன ஸ்பேனர் பட்டுப்பட்டு உதிர்ந்த இடம். தொண்டையில் அறுவைச் சிகிச்சை முடிந்து குரல் போன பிறகு, ஐந்து மாதம் அவர் எங்களோடு பேசியது அந்த ஸ்பேனரால்தான். மூன்று தட்டினால் 'நான் இருக்கேன், எல்லாம் சரி' என்று அர்த்தம். கேட்டவர் பதிலுக்கு இரண்டு தட்ட வேண்டும். கடற்படைக் கப்பலின் இன்ஜின் அறையில், பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாத இரைச்சலில், குழாய்மேல் தட்டித் தட்டி அவர்கள் பழகிய பாஷை அது. சமையலறையிலிருந்து அம்மா கரண்டியால் மேடையில் இரண்டு தட்டுவாள். "கப்பல்காரனக் கட்டிக்கினாலும் கப்பல் ஏறாம தப்பிச்சோம்னு இருந்தேன். கடைசில ஊட்டையே கப்பலாக்கிட்டாரு" என்பாள்.

அவரோடு ஒரே கப்பலில் இருந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அம்பத்தூரில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் கூடுவார்கள். மனைவிமாரும் உண்டு, ஆனால் அவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். காலையில் ஆண்கள் மட்டும் வரிசையாக நிற்க, கப்பலில் அவர்களை மேய்த்த பெரியவர் பெயர் கூப்பிடுவார். எல்லோருக்கும் அவர் இன்றும் 'சீஃப்'. கூப்பிட்டதும் அவரவர் வேலை பார்த்த இடத்தைச் சொல்லிக் கத்த வேண்டும். "உங்கப்பன் 'இன்ஜின் ரூம்'னு கத்துனா ரோட்ல போற பஸ்ஸே நின்னுடும் பாப்பா" என்று பூந்தமல்லி மாமா சொல்வார். அப்பாவோடு அதே இன்ஜின் அறையில் எட்டு வருடம் வியர்த்தவர். இப்போது பூந்தமல்லி பள்ளிவாசல் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். நோன்பு மாதத்தில் அவர் வீட்டுக் கஞ்சி தூக்குவாளியில் அண்ணனூரில் எங்கள் வீடு வரை வரும்.

அந்த மாமாவுக்குக்கூட அப்பாவின் நோயைச் சொல்லவில்லை. சிலேட்டில் அப்பா எழுதிக் காட்டிவிட்டார்: 'யாருக்கும் சொல்லாதே. பேச முடியாதவனப் பாத்து அவனுங்க என்ன பண்ணுவானுங்க?' மாமா போன் செய்யும்போதெல்லாம், ஊருக்குப் போயிருக்கிறார் என்று பொய் சொன்னேன். பிறகு போனையே எடுக்காமல் விட்டேன்.

எனக்கு எதையும் யோசித்த அன்றே செய்துவிட வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு திட்டத்தோடு அவர்முன் உட்கார்ந்தேன். நானும் அம்மாவும் காலையிலேயே மண்டபத்துக்குப் போவோம். வீடியோ காலில் நீங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் போனை அவர்கள் பக்கம் திருப்புவேன், நீங்கள் மூன்று தட்டுங்கள், மாமா மயக்கம் போட்டு விழட்டும். அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு சிலேட்டில் 'சரி' என்று எழுதினார். அதற்குக் கீழே, 'ஷேவ் பண்ணிவிடு.'

கூட்டத்தன்று காலை அவருக்கு ஷேவ் செய்து, பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுக் கிளம்பும்போது, பீரோவில் இருந்த அவருடைய வெள்ளைத் தொப்பி கண்ணில் பட்டது. யாரையும் கேட்கவில்லை, எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் இடத்தில் வைத்தால் அழகாக இருக்குமே! பஸ் கிடைக்காமல் தாமதமாகி, பெயர் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் நுழைந்தோம். முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் தொப்பியை வைத்தேன். அம்மா அதன் பக்கத்தில் நின்றாள். நான் போனை மார்போடு பிடித்து, கேமராவை மட்டும் வரிசையின் பக்கம் காட்டினேன்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அந்நேரத்து மண்டபத்தைப் பார்த்திராத அம்மாவுக்கும் அது தெரியாது. ஆள் இல்லாமல் தொப்பி மட்டும் வந்தால், அதற்குரியவர் இறந்துவிட்டார் என்று பொருள். பெண்டாட்டிதான் கொண்டுவந்து வைப்பாள். அதன்பின் அந்தப் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். விசில் ஊதுவார்கள். மறு விசில் வரும்வரை ஒருவரும் அசையக் கூடாது.

சீஃப் தொப்பியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். காகிதம் வைத்திருந்த கை நடுங்கியது. அப்பாவுக்கு முந்தைய பெயரைக் கூப்பிட்டார். பிறகு விசிலை உதட்டில் வைத்தார். ஒற்றை நீளச் சத்தம். அத்தனை கிழவர்களும் கம்பிபோல் விறைத்தார்கள்.

என் கையில் இருந்த திரையில் அப்பா ஸ்பேனரைத் தூக்கியபடி காத்திருந்தார். விசில் அங்கே போய்ச் சேர்ந்தது. ஒரு கணம் அவர் முகம் அப்படியே நின்றது. பிறகு ஸ்பேனரை மெல்ல நெஞ்சின்மேல் வைத்தார். இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி நீட்டினார். போர்வைக்குள் கால்களைச் சேர்த்தார். ஒன்றும் புரியாமல் நான் கிசுகிசுத்தேன்: "தட்டுங்கப்பா. அப்பா, தட்டுங்களேன்." அவர் இமைக்கவில்லை. விசில் ஊதினால் அசையக் கூடாது, தனக்கே ஊதினாலும்.

மறு விசில் ஊதியதும் பூந்தமல்லி மாமா அழுதுகொண்டே அம்மாவிடம் வந்தார். "எங்கிட்டகூட சொல்லாம அனுப்பிட்டியேம்மா."

"அய்யோ அண்ணே, இன்னா பேச்சுண்ணே இது? அவரு ஊட்லதான் கீறாரு!"

அப்பாவுக்குக் குரல் போனதையும் இப்போது தட்டித்தான் பேசுகிறார் என்பதையும் சொல்லி, நான் போனைத் திருப்பினேன். மாமா பறித்துக்கொண்டார். "அடப்பாவி! பாத்துகினேவா கீற? தட்டித் தொலைக்கறதுக்கு இன்னாடா மச்சான்?" சீஃப் விறைப்பாக நின்று, அப்பாவின் பெயரை முறையாகக் கூப்பிட்டார். மூன்று தட்டு வந்தது. மண்டபத்தில் இருந்த இரும்பு நாற்காலிகள் எல்லாம் பதிலுக்கு இரண்டு முறை அதிர்ந்தன. எல்லோரும் சிரித்தார்கள், திட்டினார்கள், மூக்கைச் சிந்தினார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நடுவில் கழிந்த அந்த ஒரு நிமிடம் எனக்கு மட்டும் தெரியும். அதை அவருக்குக் காட்டியவள் நான்.

சாயங்காலம் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன்: "தொப்பிய எடுத்துட்டுப் போனது நான்தான்ப்பா." அவர் சிலேட்டை இழுத்து எழுதினார்: 'சீஃப் கை நடுங்குச்சு. ஆனா விசில் பிசிறு இல்ல.' பிறகு என் தலையில் விரலால் இரண்டு முறை தட்டினார்.

கூட்டம் முடிந்த பத்தொன்பதாம் நாள் காலையில் மூன்று தட்டு வரவில்லை. செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தவர் மாமா. அன்று அப்பாவுக்கு ஷேவ் செய்துவிட்டவரும் அவர்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். தொப்பியை இந்த முறை அம்மாவே எடுத்தாள், நீலம் போட்டு அலசி மொட்டைமாடியில் காய வைத்தாள். இன்று காலை நான் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து பெயின்ட் உதிர்ந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது, ரயில் பணிமனைப் பக்கமிருந்து இரும்பின்மேல் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. தற்செயல்தான். ஒன்று, இரண்டு, மூன்று.

சமையலறையில் அம்மா கரண்டியால் இரண்டு தட்டினாள்.